600 அடிக்குக் கீழே எத்தனை டிகிரி?

மார்கழி விடியற்காலை. மண்ணூரில் நவரை நாற்றங்காலுக்குத் தண்ணீர் பாய்ச்ச மோட்டாரைப் போட்டார் அந்த விவசாயி. குழாயிலிருந்து விழுந்த தண்ணீரில் லேசாக ஆவி பறந்தது. கையை நீட்டினால் வெதுவெதுப்பு. குளிருக்கு இதமாக முகம் கழுவிக்கொண்டார். ஆனால், மனசுக்குள் ஒரு கேள்வி உட்கார்ந்துகொண்டது. போன மார்கழியில் இவ்வளவு சூடு இல்லையே?

ரீபோர் போடுவதைப் பற்றிப் பேச வந்த போர் வண்டி ஏஜென்ட் அந்தக் கேள்வியை நன்றாகக் கிளறிவிட்டுப் போனார். "இன்னும் 400 அடி இறக்குங்கண்ணே. கீழ வெந்நீர் ஊத்தே இருக்கும். இப்போ கவர்மென்ட்டே பூமிச் சூட்டுல கரன்ட் எடுக்கப் போவுது. உங்க நிலத்துக்கு வர்ற மதிப்பே வேற."

இருப்பது இரண்டு ஏக்கர். சுற்றிலும் சிப்காட், லாரி, கன்டெய்னர். ஏரிக்குத் தண்ணீர் வரும் வழிகள் ஒவ்வொன்றாய் அடைபட்டு, போரை நம்பித்தான் பிழைப்பு என்று ஆகிவிட்டது. 620 அடி போர், முன்பு போலத் தண்ணீர் தள்ளுவதில்லை. 300 அடி தாண்டினால் ஒவ்வொரு நூறு அடிக்கும் ரேட் ஏறும் என்பது போர் போட்ட எல்லோருக்கும் தெரியும். 600க்கு மேல் 400 அடி என்றால் கையிலிருக்கும் காசு போதாது. வீட்டில் இருப்பது மகளுடைய கல்யாணத்துக்கென்று சேர்த்த ஐந்து பவுன்.

'கேள்வி-பதில் பகுதிக்கு' என்று தலைப்புப் போட்டு ஓர் அஞ்சலட்டை எழுதினார். 'எங்கள் போர் தண்ணீர் மார்கழியில் சூடாக வருகிறது. கீழே வெந்நீர் ஊற்று இருக்குமா? 1,000 அடிக்கு இறக்கினால் என்ன கிடைக்கும்?' எழுதியதைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு இரண்டு நாள் சுற்றினார்.

மகள் எலெக்ட்ரானிக்ஸ் டிப்ளமோ முடித்துவிட்டு அந்தப் பக்கத்துத் தொழிற்சாலை ஒன்றில் ஷிப்ட் வேலைக்குப் போகிறவர். நகை பேச்சு வந்ததும் முகம் சுளிக்கவில்லை. "நகைய எடுத்துக்கோப்பா. அதுக்கு முன்னாடி கீழ எவ்ளோ சூடு இருக்குன்னு அளந்து பாத்துடலாம். பழைய போர் சும்மாதானே கிடக்குது?" என்றார்.

அந்த ஒரு கேள்வியில், விஞ்ஞானிகள் அறுபது வருடமாகச் செய்துவரும் வேலையைத் தொட்டுவிட்டார் அந்தப் பெண். பூமிக்குள்ளிருந்து எவ்வளவு சூடு மேலே வருகிறது என்று பார்க்க எரிமலைக்கோ ராக்கெட்டுக்கோ போக வேண்டியதில்லை. தண்ணீர் இறைக்காமல் நெடுநாள் ஓய்வில் கிடக்கும் ஓர் ஆழ்துளை போதும். புதிதாகப் போட்ட போர் இதற்கு ஆகாது. துளை போடும்போது உரசலில் பாறை சூடாகிவிடும், ஊற்றிய தண்ணீரில் குளிர்ந்தும்விடும். பாறை பழைய நிலைக்குத் திரும்ப வாரக் கணக்கில், சில சமயம் மாதக் கணக்கில் ஆகும். ஓடிக்கொண்டிருக்கும் போரும் ஆகாது. இறைக்கிற தண்ணீர் பல ஆழங்களின் சூட்டைக் கலக்கிவிடும். நாம் 'செத்துப்போன போர்' என்று ஒதுக்குவதைத்தான் அவர்கள் தேடி வருகிறார்கள்.

இந்தியாவில் இந்தக் கணக்கு தொடங்கிய இடங்களில் முக்கியமானது கோலார் தங்கவயல். ஹைதராபாத்தில் 1961இல் தொடங்கப்பட்ட தேசியப் புவி இயற்பியல் ஆராய்ச்சி நிறுவனத்தார், அந்தப் பத்தாண்டிலேயே கோலார் சுரங்கத்தின் பாறைச் சூட்டை அளந்தார்கள். அங்கே சுமார் 3.2 கிலோமீட்டர் ஆழம் வரை மனிதர்கள் இறங்கி வேலை செய்தார்கள். அடி மட்டத்தில் பாறையின் சூடு 65 டிகிரியை ஒட்டி இருந்தது. மேலிருந்து குளிர்ந்த காற்றை அனுப்பித்தான் ஆட்களை நிற்க வைக்க முடிந்தது. வட ஆற்காடு, தர்மபுரிப் பக்கத்துக் குடும்பங்கள் பலவற்றில் அந்தச் சூட்டில் வெந்து வந்த ஒரு தாத்தாவாவது இருப்பார். 2001 பிப்ரவரியில் சுரங்கம் மூடப்பட்டது.

கேட்பவருக்கு 65 டிகிரி பெரிதாகத் தெரியும். கணக்காகப் பார்த்தால் அது குறைவு. மேலே 25 டிகிரி என்று வைத்தால், 3.2 கிலோமீட்டருக்கு ஏறியது 40 டிகிரிதான். கிலோமீட்டருக்குப் பன்னிரண்டு, பதின்மூன்று டிகிரி. உலகத்தில் பல நிலப்பகுதிகளில் இது 25, 30 டிகிரி என்று இருக்கும். தென்னிந்தியப் பாறை பூமியின் மிகப் பழைய பாறைகளில் ஒன்று. வயதாகி ஆறிப்போன பாறை.

வாரக் கடைசியில் மகள் ஒரு சாமான் கொண்டுவந்தார். விரல் நீளத்தில், தண்ணீர் புகாத உருக்குக் குழலுக்குள் அடைத்த ஒரு சென்சார். சில நூறு ரூபாய் விலை. கூட 600 அடி ஒயர். உண்மையில் ஒயருக்குத்தான் செலவு அதிகம். முதலில் ஒரு டம்ளர் நிறைய ஐஸ் உடைத்துப் போட்டு, தண்ணீர் விட்டு, அதில் சென்சாரை வைத்தார். பூஜ்யம் காட்ட வேண்டிய இடத்தில் 0.3 காட்டியது. "எல்லா ரீடிங்லயும் இந்த 0.3 கழிச்சுக்கணும்பா" என்று நோட்டில் முதல் வரியாக எழுதினார். ஒயரில் 50 அடிக்கு ஒரு சிவப்பு நூல் கட்டினார்கள். முனையில் ஒரு பழைய இரும்பு நட்டு, எடைக்கு.

பழைய போரின் மூடியைத் திறப்பதற்கு முன் பக்கத்துக் களத்தில் விளையாடிக்கொண்டிருந்த பிள்ளைகளை வீட்டுக்கு அனுப்பினார் விவசாயி. 2019இல் மணப்பாறை நடுக்காட்டுப்பட்டியில் நடந்ததற்குப் பிறகு, தண்ணீர் இல்லாத அன்றே அந்தப் போருக்கு இரும்பு மூடி போட்டு போல்ட் முடுக்கி வைத்தவர் அவர்.

ஒயர் இறங்கியது. 140 அடியில் நட்டு தண்ணீரைத் தொட்ட சத்தம் வந்தது. அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. போர் போட்ட வருடம் தண்ணீர் நின்றது 60 அடியில்.

ஒவ்வொரு நூலுக்கும் பத்து நிமிடம் நிறுத்தி, எண் அசையாமல் நின்ற பிறகுதான் எழுதினார்கள். 0.3 கழித்த பிறகு நோட்டில் நின்ற கணக்கு இது. 200 அடியில் 30.1 டிகிரி. 250 அடியிலும் அதே 30.1. 300 அடியில் 30.3. 400இல் 30.8. 500இல் 31.3. 580 அடியில் நட்டு சேற்றில் உட்கார்ந்தது, அங்கே 31.7. ஒரு சாயங்காலம் முழுக்க அதற்கே சரியாகப் போயிற்று.

ஆவி பறந்த தண்ணீரின் சங்கதி இவ்வளவுதான். மார்கழி விடியலில் வெளிக்காற்று 21 டிகிரி என்றால் 31 டிகிரித் தண்ணீர் கைக்குச் சுடத்தான் செய்யும். சித்திரை மத்தியானத்தில் அதே தண்ணீரைக் 'குளுகுளுன்னு இருக்குதே' என்பார்கள். பத்துப் பதினைந்து மீட்டருக்குக் கீழே போய்விட்டால் கோடையும் குளிரும் பாறைக்கு எட்டுவதில்லை. தண்ணீர் மாறவில்லை, காற்றுதான் மாறுகிறது.

போன வருடத்தைவிட இந்த வருடம் சூடு கூடுதல் என்று அவருக்குத் தோன்றியதிலும் ஒரு காரணம் உண்டு. அதைக் கண்டுபிடிக்க ஒரு 200 லிட்டர் டிரம் போதுமானதாக இருந்தது. முன்பு நூறு விநாடியில் நிறைந்த டிரம் இப்போது மூன்று நிமிடம் எடுத்தது. 5 ஹெச்.பி. சப்மெர்சிபிள் மோட்டார் இழுக்கும் மின்சாரத்தில் ஒரு பங்குதான் தண்ணீரைத் தூக்குகிறது. மீதியெல்லாம் சூடாக மாறி, மோட்டாரை உரசிக்கொண்டு போகும் தண்ணீரிலேயே சேர்கிறது. தண்ணீர் தாராளமாக வரும்போது அந்தச் சூடு கலந்து காணாமல் போகும். வரத்து பாதியாகும்போது அதே சூடு பாதித் தண்ணீரில் இறங்கும், ஒரு டிகிரிக்குக் கிட்டத்தட்ட ஏறும். போர் தண்ணீர் வருடா வருடம் சூடேறுவதாகத் தெரிந்தால் ஊற்றைத் தேடுவதற்கு முன் டிரம் வைத்து வரத்தை அளப்பது நல்லது. காயில் எரிவதற்கு முன் கிடைக்கும் எச்சரிக்கை அது.

நோட்டுக்கு வருவோம். 200 அடியிலும் 250 அடியிலும் ஒரே எண் வந்ததைப் பார்த்து "சென்சார் மக்கர் பண்ணுதா?" என்று கேட்டார் அப்பா. மக்கர் இல்லை. ஒரு நூற்றாண்டுக்கும் மேலாகத் தரை சூடேறி வருகிறது. அந்தச் சூடு மேலிருந்து கீழே பாறை வழியாக மெதுவாக ஊறுகிறது, மழைத் தண்ணீர் செம்மண்ணில் இறங்குவதைவிடப் பல மடங்கு மெதுவாக. கீழிருந்து வரும் சூடும் மேலிருந்து இறங்கும் சூடும் சந்திக்கும் இடத்தில் கணக்கு தட்டையாகிவிடும். இந்தியா முழுக்கப் பல ஆழ்துளைகளின் இந்த மேல்பகுதிக் கணக்கை எடுத்து, கடந்த 150 ஆண்டில் நம் தரை சுமார் 0.9 டிகிரி சூடேறியிருக்கிறது என்று ஓர் ஆய்வு 2002இல் சொன்னது. தாத்தா காலத்து வெயில் இன்னும் அந்தத் துளைக்குள் இருக்கிறது என்று சொன்னால் நம்புவதற்குக் கஷ்டம்தான்.

அதனால், மேலே உள்ளதை விட்டுவிட்டு 300 அடியிலிருந்து 580 வரை மட்டும் எடுத்துக்கொண்டார் மகள். 280 அடி, அதாவது 85 மீட்டர். ஏறியது 1.4 டிகிரி. கிலோமீட்டருக்குச் சுமார் 16 டிகிரி.

இது வாட்டம் மட்டும்தான். வாய்க்காலின் வாட்டம் தெரிந்தால் மட்டும் எவ்வளவு தண்ணீர் போகிறது என்று சொல்ல முடியாது. வாய்க்கால் சுத்தமாக இருக்கிறதா, கோரை மண்டிக் கிடக்கிறதா என்பதும் வேண்டும். பாறைக்கும் அப்படித்தான். சாம்பாரில் போட்ட எவர்சில்வர் கரண்டி சீக்கிரம் கையைச் சுடும், மரக் கரண்டி சுடாது. ஆராய்ச்சி நிலையங்களில் துளையிலிருந்து எடுத்த பாறையை வட்ட வில்லைகளாக அறுத்து, ஒரு பக்கம் சூடும் மறுபக்கம் குளிரும் கொடுத்து, அது எவ்வளவு வெப்பம் கடத்துகிறது என்று பார்ப்பார்கள். அந்த எண்ணையும் வாட்டத்தையும் பெருக்கினால் வருவதுதான் புவிவெப்ப ஓட்டம்.

ஸ்ரீபெரும்புதூர் வட்டாரத்தில் மேலே களிப்பாறையும் மணற்பாறையும், அதற்கடியில் கெட்டிப் பாறையும் இருக்கும். அந்தப் போரில் கடைசியாக வந்த தூள் நீலம் கலந்த சாம்பல் நிறம். பல்லாவரம் மலையில் பார்க்கும் அதே கல். சார்னோகைட் என்று பெயர். கல்கத்தாவில் ஜாப் சார்னாக் என்ற ஆங்கிலேயரின் கல்லறைக்கு வைத்த கல் சென்னைப் பக்கத்திலிருந்து போனது, அவர் பெயரையே தாமஸ் ஹாலண்ட் என்ற புவியியலாளர் அந்தக் கல்லுக்கு வைத்துவிட்டார். சென்னைக் கல்லுக்குக் கல்கத்தா பெயர்! சார்னோகைட் கடத்தும் திறன் சுமார் 2.5 என்று வைத்து மகள் பெருக்கினார். 16 பெருக்கல் 2.5, சதுர மீட்டருக்கு 40 மில்லிவாட்.

ஒரே போர், ஒரே நாள், மலிவு சென்சார். இதை வைத்து யாரும் ஆய்வுக் கட்டுரை எழுத மாட்டார்கள். ஆனால், தமிழ்நாட்டின் சார்னோகைட் பகுதிகளில் தேசியப் புவி இயற்பியல் நிறுவனத்தார் பல துளைகளில் அளந்து 2003இல் வெளியிட்ட கணக்கும் முப்பதுகளிலிருந்து ஐம்பதுகள் வரைதான் நிற்கிறது. உலகக் கண்டங்களின் சராசரி 65ஐ ஒட்டியது.

ஏன் குறைவு? பூமிக்குள் இருக்கும் சூட்டில் ஒரு பங்கு, பூமி உருவானபோதே மிஞ்சியது. இன்னொரு பங்கு, பாறையில் உள்ள யுரேனியம், தோரியம், பொட்டாசியம் சிதையும்போது பிறப்பது. நாம் மூட்டை மூட்டையாக வாங்கிப் போடும் பொட்டாஷில் இருக்கும் அதே பொட்டாசியம்தான். அதில் பத்தாயிரத்துக்கு ஓர் அணு போலச் சிதையும் வகை. சார்னோகைட் ஒரு காலத்தில் பூமிக்குள் வெகு ஆழத்தில் வெந்து வந்த கல். அந்த வேக்காட்டில் இந்தச் சரக்கு பெரும்பாலும் வெளியேறிவிட்டது. அடுப்பு இருக்கிறது, விறகு தீர்ந்துவிட்டது.

40 மில்லிவாட் என்றால் எவ்வளவு? ஓர் ஏக்கர் என்பது 4,047 சதுர மீட்டர். பெருக்கினால் 160 வாட். ஓர் ஏக்கர் நிலத்துக்கு அடியிலிருந்து இரவும் பகலும் வந்துகொண்டிருக்கும் சூடு இரண்டு சீலிங் ஃபேனுக்குச் சமம். நாளைக்கு நாலு யூனிட்டுகூட இல்லை. அதே ஏக்கரில் சூரியன் ஒரு நாளில் கொட்டுவது சுமார் 20,000 யூனிட். 5 ஹெச்.பி. மோட்டார் ஒன்றுக்கு ஈடுகட்டவே 23 ஏக்கரின் பூமிச் சூடு வேண்டும். அதுவும் சூடு முழுதும் மின்சாரமாக மாறினால். 32 டிகிரிச் சூட்டிலிருந்து மின்சாரமே வராது. அந்த வேலைக்குப் பொதுவாக நூறு டிகிரியை ஒட்டியாவது சூடு வேண்டும். மண்ணூர்ப் பாறையில் அதற்கு நாலு கிலோமீட்டருக்கு மேல் இறங்க வேண்டும். கோலாரைவிட ஆழம்.

"அப்போ அந்த ஏஜென்ட் சொன்னது பொய்யா?" என்று கேட்டார் அப்பா.

பாதி உண்மை. 2025 செப்டம்பரில் மத்திய அரசு புவிவெப்ப ஆற்றலுக்கென்று ஒரு தேசியக் கொள்கையை வெளியிட்டது நிஜம். ஆனால், அது குறிவைக்கும் இடங்கள் வேறு. லடாக்கில் பூகா பள்ளத்தாக்கு, கடல் மட்டத்திலிருந்து 4,400 மீட்டர் உயரம். அங்கே சில நூறு மீட்டர் துளையிலேயே கொதிநீரும் ஆவியும் வருகிறது. வெப்ப ஓட்டம் நம்முடையதைப்போலப் பத்து மடங்குக்கும் மேல். 1970களிலேயே இந்தியப் புவியியல் ஆய்வுத்துறை அங்கே துளை போட்டது. ஓ.என்.ஜி.சி. 2021இல் லடாக் நிர்வாகத்தோடு ஒப்பந்தம் போட்டது, முதல் இலக்கு 1 மெகாவாட். அவ்வளவு சூடுள்ள இடத்திலேயே, துளை போட்டு ஐம்பது வருடம் ஆகியும் வேலை இந்த வேகத்தில்தான் நகர்கிறது.

கென்யாவில் நைவாஷா ஏரிக்கரையில் பூமிக்குள்ளிருந்து வரும் சூட்டையும் கரியமில வாயுவையும் பசுமைக்குடிலுக்குள் விட்டு ரோஜா வளர்க்கிறார்கள். ஐஸ்லாந்தில் பனிக்கு நடுவே தக்காளி காய்க்கிறது. கேட்க ஆசையாகத்தான் இருக்கிறது. அங்கெல்லாம் எரிமலை பக்கத்தில் இருக்கிறது, நமக்குப் பக்கத்தில் பல்லாவரம் மலை. வெந்நீர் ஊற்றுக்கு எரிமலைதான் வேண்டும் என்பதும் இல்லை. திருகோணமலை கன்னியாவில் ராவணன் தாய்க்கு ஈமக்கடன் செய்ய வாளால் குத்தி எடுத்ததாகச் சொல்லும் ஏழு கிணறுகளில் வெந்நீர்தான். அது மழைத் தண்ணீர். பாறை வெடிப்பு வழியாக வெகு ஆழம் போய், சூடாகி, இன்னொரு வெடிப்பு வழியாக மேலே வருகிறது. அப்படி ஒரு வெடிப்பு மண்ணூர்ப் போருக்கு அருகில் இருந்திருந்தால், மகளின் நோட்டில் 400 அடிக்கும் 580 அடிக்கும் இடையே எங்காவது எண் திடீரென்று குதித்திருக்கும். அங்கே ஏறியதெல்லாம் படிப்படியாகத்தான்.

1,000 அடிக்கு இறக்கினால் என்ன கிடைக்கும் என்ற கேள்விக்கும் அந்த நோட்டிலேயே பாதி பதில் இருந்தது. இன்னும் இரண்டு டிகிரி. 34கூட வராது. மீதிப் பாதி, தண்ணீர் கிடைக்குமா என்பது. அதற்குச் சென்சார் பதில் சொல்லாது. ஆனால், 60 அடியில் நின்ற தண்ணீர் 140க்கு இறங்கியது பதில் சொன்னது. கெட்டிப் பாறையில் ஆழம் போகப் போக வெடிப்புகள் அருகிக்கொண்டே போகும். மேலே இறங்காத தண்ணீர் கீழே மட்டும் எங்கிருந்து வரும்?

ஏஜென்ட் மறுபடி போன் செய்தபோது, "இப்போதைக்கு வேணாம்பா" என்று வைத்துவிட்டார். ஐந்து பவுன் பீரோவிலேயே இருக்கிறது. சட்டைப் பையில் கசங்கிக் கிடந்த அஞ்சலட்டையில் பழைய கேள்வியை அடித்துவிட்டு, ஓரத்தில் இடுக்கி எழுதினார். 'தண்ணீர் வற்றிய 600 அடி போரில் மழைநீர் விடுவதற்கு ஜல்லி, மணல் தொட்டி எந்த அளவில் கட்ட வேண்டும்? வயல் தண்ணீர் விடலாமா, கூரைத் தண்ணீர் மட்டும்தானா?' அதைத் தபாலில் சேர்த்த பிறகுதான் பழைய போரின் மூடியில் மறுபடி போல்ட் முடுக்கினார்.

600 அடி ஒயரைச் சுருட்டி மாட்டுக் கொட்டகையில் ஆணியில் மாட்டியிருந்தார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை, சாணமும் வைக்கோலும் போட்டுக் கிளறிவிட்ட கம்போஸ்ட் குவியலில் ஆவி வருவதைப் பார்த்த மகள், சென்சாரை அதன் நடுவில் ஒரு முழம் ஆழத்துக்குச் செருகினார். பத்து நிமிடம் கழித்து அப்பாவைக் கூப்பிட்டுக் காட்டினார். 61 டிகிரி. கோலாரின் அடித்தளத்துக்கு நாலு டிகிரி குறைவு.